வாடை வருதா?

உங்கள் அம்மாவை மலக்குழிக்குப் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டு, "சௌகரியமா இருக்கியாம்மா?" என்று கேட்டு, அவர் வாயிலிருந்து வரும் முதல் சொல்லை மட்டும் குறித்துக்கொண்டு கிளம்பிப் போவீர்களா? மாட்டீர்கள். இப்படிக் கேட்டதற்கே உங்களுக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தைக் கொஞ்சம் பத்திரமாக வைத்திருங்கள். கஸ்தூரியம்மாளுக்கு நடந்தது இதுதான்.

சுண்ணாம்புக்குளத்துக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரியின் கரையில் இருக்கிற ஒரு குப்பத்தில் பிறந்தவர் கஸ்தூரியம்மாள். எழுபது தாண்டிவிட்டது. எவ்வளவு தாண்டியது என்று அவருக்கே தெரியாது. ஆதார் அட்டையில் இருக்கிற வயது, அன்றைக்குக் கேமரா முன்னால் உட்கார்ந்திருந்த பையன் அவர் முகத்தைப் பார்த்துப் போட்டது. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆரம்பாக்கத்துக்கு வந்து, காலை ரயிலேறி, கும்மிடிப்பூண்டித் தெருக்களில் மீன் விற்றது அவருடைய வாழ்க்கை. மடவை, கெழங்கா, எறா, நண்டு என்று ஏரி எதைக் கொடுத்ததோ அதை விற்றார். முட்டி தேய்ந்து, ரயில் படியில் கால் வைக்க முடியாமல் போகிற வரைக்கும் விற்றார்.

ஒரு முறை ஒரு மாடி வீட்டு அம்மா, விலையைக் குறைப்பதற்காக, "மீன் நாறுதே" என்று சொல்லிவிட்டார். கஸ்தூரியம்மாள் கூடையை அப்படியே இறக்கினார். மீனை எடுத்து முதலில் தன் மூக்கில் வைத்தார். பிறகு நேராக வீட்டுக்குள் போய், பேப்பர் படித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரரின் மூக்கில் வைத்தார். "சார், நீ சொல்லு. நாறுதா? நாறுனா இத்த ஏரியிலயே வீசிட்டு வெறுங்கையோட வூட்டுக்குப் போவேன். நாத்த மீனு விக்கிறவ நான் இல்ல." அந்த மனிதர் பயத்தில் இரண்டு கூறு வாங்கினார்.

இதை வேடிக்கைக்காக மட்டும் சொல்லவில்லை. நாறாத மீனை விற்பதுதான் மீன்காரியின் தொழில். அவள் முதல் போடுவது மூக்கைத்தான். மீனவர்களுக்கு நாற்றம் பழகிப்போன விஷயம் என்று நினைக்கிற படித்தவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கணவர் குடித்துச் செத்தார். ஒரே மகள் மாலதி, ஆரம்பாக்கத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது. மருமகன் தங்கமானவன், ஆனால் வீடு ஒரே அறை. அங்கே போய்த் தங்கினால் ராத்திரியில் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதற்காக இவர் தூங்குவது போலப் படுத்திருக்க வேண்டும். "நடிச்சி நடிச்சி எனக்கு சினிமாவுலயே சான்ஸு கெடைச்சிடும் போலக்கீது" என்பார். அவர் வாழ்க்கையில் கடைசியாக ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான்: தானே திறந்து தானே மூடுகிற ஒரு கதவு.

அந்தக் கதவும் வந்தது. புயலில் குடிசையின் பாதி பறந்த வருடம், ஆதரவில்லாத முதியவர்களுக்காக மானிய அடுக்குமாடி கட்டப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. வாடகையில் பெரும்பங்கை அரசே ஏற்கும். அதற்கு இரண்டு நிபந்தனைகள். குடிசையைப் பிரித்து மனையை ஒப்படைத்துவிட வேண்டும். வீடு மூன்று மாதம் தொடர்ந்து பூட்டியிருந்தால் ஒதுக்கீடு ரத்தாகி வேறொருவருக்குப் போகும். கஸ்தூரியம்மாள் குடிசையைப் பிரித்தார். முட்டி வலிக்காகக் கேட்டு, தரைத்தளத்தில் வடக்குக் கோடி வீட்டை வாங்கினார்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். திட்டம் நல்ல திட்டம். மழை நாளில் பாம்பு வராத தரை, உள்ளேயே கழிப்பறை, குழாயைத் திருகினால் தண்ணீர், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் தன் வயதுக்காரர்கள். வயதானவர்களைப் பிள்ளைகளின் தயவில் தள்ளிவிட்டு அதற்குப் பாசம் என்று பேர் வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். முதல் மாதம் முழுக்கக் கஸ்தூரியம்மாள் வீட்டுச் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்தார். முதல் மாடியில் வீடு வாங்கியிருந்த சிங்காரம், ஒரு காலத்தில் ஏரியில் வலை வைத்தவர், பேச்சுக்கு அடங்காதவர், அதைப் பார்த்துவிட்டார்.

"இன்னாக்கா, கழுத்துல புதுசா ஏறியிருக்குது? யாரு கட்டினது?"

"கவர்மெண்ட்டுடா. உங்க மாமன மாதிரி குடிச்சிட்டு வந்து ஒதைக்காது."

இப்போது குழிக்கு வருகிறேன்.

கட்டடத்தின் வரைபடத்தில் மலக்குழி வடகிழக்கு மூலையில் இருந்தது. அந்தப் பக்கம்தான் தரை பள்ளம். நீர் தானாக ஓடும். ஒப்பந்தக்காரர் ஒரு வாஸ்துக்காரரை அழைத்து வந்தார். ஈசானிய மூலையில் மலக்குழி வந்தால் கட்டடத்துக்கு ஆகாது, வாயு மூலைக்கு மாற்று என்றார் வாஸ்துக்காரர். பொறியாளர் ஜெகதீஸ்வரன் தலையாட்டினார். பொறியியல் படித்தவர். மேட்டுக்குத் தண்ணீர் ஏறாது என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பார். குழி வடமேற்கு மேட்டுக்குப் போனது. கழிவு அங்கே ஏற மறுத்தது. பாதி வழியில் நின்று, தேங்கி, நடுவில் இருந்த தொட்டியின் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வழிந்தது. வழிந்த இடம் கஸ்தூரியம்மாளின் சமையலறைச் சன்னலுக்கு நேர் வெளியே. பள்ளம் இருந்த மூலையில் இன்றைக்கு ஒரு பிள்ளையார் இருக்கிறார். அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

மேல்காற்றும் தென்காற்றும் அடிக்கிற மாதங்களில் நாற்றம் ஓரளவுக்கு அந்தப் பக்கமே போய்விடும். ஐப்பசி கடைசியில் காற்று திரும்பும். வடக்கிலிருந்து வருகிற அந்தக் காற்றுக்கு எங்கள் கரையில் வாடை என்று பெயர். தை வரைக்கும் நிற்கும். அது குழியின் மேலேறி நேராகக் கஸ்தூரியம்மாளின் அடுப்பங்கரைக்குள் வந்தது. முதல் வருடம் அவர் சன்னலைச் சாத்திப் பார்த்தார், ஈரச் சாக்கைத் தொங்கவிட்டுப் பார்த்தார். சோறு இறங்கவில்லை. வாந்தியும் இருமலுமாகப் படுத்தவரை மாலதி வந்து தூக்கிக்கொண்டு போனாள். மூன்று மாதக் கெடு முடிவதற்குள் ஓடிவந்து கதவைத் திறந்தார்.

"கெடுவுக்குள்ள வந்ததால இந்தத் தடவ விட்டுட்டோம். ஆனா பேரு மேல ஒரு குறிப்பு எழுதியாச்சு," என்றார் ஜெகதீஸ்வரன். "இன்னொரு தடவ இப்படிப் பூட்டிட்டுப் போனீங்கன்னா மூணு மாசம் வரைக்கும் பாக்க மாட்டோம், வீடு கையில இருக்காது."

"அப்போ குழியை மாத்து சார்."

"அதுக்குத் தனி நிதி வேணும்மா. மதிப்பீட்டுக்கு ஆளுங்க வருவாங்க. அவங்ககிட்ட சொல்லுங்க. அவங்க எழுதினாதான் மேலேர்ந்து வரும்."

கஸ்தூரியம்மாள் அதைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வாடைக்குள் மதிப்பீடு வர வேண்டும், தான் சொல்ல வேண்டும், குழி மாற வேண்டும். இல்லையென்றால் கதவு போகும். குடிசையும் இல்லை. பிறகு ஆரம்பாக்கத்து ஒற்றை அறையில் சாகும்வரை தூங்குவது போல நடிக்க வேண்டியதுதான்.

புரட்டாசியில் மதிப்பீடு வந்தது. வந்தவர் அர்ச்சனா, சென்னையில் படித்த பெண், கையில் கேள்விகள் ஏற்றிய டேப்லட். கெட்ட பெண் இல்லை. எல்லோரிடமும் சிரித்துப் பேசினார். தரைத்தள நடையில் ஈரமாக இருந்ததால், விசாரிப்பை இரண்டாம் மாடிக் கூடத்தில், மின்விசிறிக்குக் கீழே வைத்துக்கொண்டார்கள். குளித்து, இருக்கிறதிலேயே நல்ல புடவை கட்டி, முட்டியைப் பிடித்துப் பிடித்துப் படியேறி வந்தார் கஸ்தூரியம்மாள். சொல்ல வேண்டியதை இரண்டு நாளாகச் சிங்காரத்திடம் ஒப்பித்துப் பார்த்திருந்தார்.

கேள்விகளைத் தயாரித்தது எங்கோ ஓர் அலுவலகம். துர்நாற்றம் வருகிறதா என்பதுதான் மூலக் கேள்வி. முதியவர்களிடம் அப்படிக் கேட்டால் மனம் புண்படும் என்று யாரோ ஒரு நாகரிகவாதி அதைத் திருத்தியிருக்கிறார். நாற்றத்துக்குப் பதிலாக மென்மையான ஒரு சொல்லைப் போட்டிருக்கிறார்.

"தண்ணி ஒழுங்கா வருதா பாட்டி?"

"வருது."

"கரண்ட்?"

"வரும், போவும். சொல்லிட்டுப் போவாது."

"வாடை வருதா?"

கஸ்தூரியம்மாள் சன்னல் வழியாக வெளியே பார்த்தார். கரையில் கட்டியிருந்த படகுகளின் கொடிகள் கிழக்கே பறந்துகொண்டிருந்தன. இந்தச் சின்னப் பெண்ணுக்குக் காற்றைப் பற்றியெல்லாம் தெரிந்திருக்கிறதே என்று அவருக்கு மகிழ்ச்சி. காற்றில் தொடங்கி அடுத்தது நாற்றத்துக்கு வருவாள், பிறகு குழிக்கு வருவாள்.

"வாடையா? இப்ப எங்க வருது?"

"அப்போ இல்லைன்னு போட்டுக்கட்டுமா?"

"போட்டுக்கோ. வராதத வருதுன்னு சொல்வாங்களா?"

அடுத்த நாற்காலியில் சிங்காரம். அவருக்கும் அதே கேள்வி, அதே பதில். அர்ச்சனாவிடம் இன்னொரு துணைக்கேள்வி இருந்தது.

"ஒருவேளை வாடை வந்தா, உங்களுக்குத் தொந்தரவா இருக்குமா தாத்தா?"

சிங்காரம் பொக்கை வாயைத் திறந்து சிரித்தார். "தொந்தரவா? நல்லா கேட்ட போ. வாடை வந்தாதாம்மா எங்களுக்குச் சோறு. எவ்ளோ வருதோ அவ்ளோ நல்லது. நாங்க அதுக்குத்தான் காத்துக்கினு கீறோம்."

அர்ச்சனா ஒரு கணம் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு குனிந்து தட்டிக்கொண்டார். வாடை திரும்பினால்தான் முகத்துவாரம் திறந்து ஏரியில் எறா ஏறும் என்பது இந்தக் கரையில் குழந்தைக்கும் தெரியும். அது தெரியாமல் போனது அந்தப் பெண்ணின் குற்றமில்லை. தெரியாது என்பதே தெரியாமல் அவரை அனுப்பினார்களே, அது குற்றம். கட்டடம் முழுக்க ஏரிக்காரர்கள். ஒருவர் விடாமல் அதே பதிலைத்தான் சொன்னார்கள்.

கேள்விகள் தொடர்ந்தன. பொழுதுபோக்கு எப்படி, அண்டை வீட்டார் எப்படி, சுவரின் நிறம் பிடித்திருக்கிறதா. நாற்றம் என்ற சொல் வருகிறதா வருகிறதா என்று கஸ்தூரியம்மாள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அர்ச்சனா டேப்லட்டை மூடினார்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் பாட்டி. ரொம்ப நன்றி."

"இரு இரு, கண்ணு. அந்தக் குழி..."

"குறை சொல்றதுக்குத் தனி நாள் வைப்பாங்க பாட்டி. இது மதிப்பீடு."

மதிப்பீடு வேறு, குறை வேறு! குறை கேட்காமல் எதை மதிப்பிடுவது? இந்த ஞானம் எந்தப் பல்கலைக்கழகத்தில் கிடைக்கிறது என்று தெரியவில்லை.

கஸ்தூரியம்மாள் விடவில்லை. "சரி, கீழ என் வூட்டுக்கு வந்து ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போ."

"வண்டி வெயிட் பண்ணுது பாட்டி. அடுத்த தடவை கண்டிப்பா."

அந்த டீயைக் குடித்திருந்தால் போதும். மேல்காற்று எவ்வளவுதான் அடித்தாலும், அடுப்பங்கரைக்குள் போய் நின்றவர் மூக்கைப் பொத்தாமல் திரும்ப முடியாது. இரண்டு மாடி இறங்கி, ஒரு முறை மூச்சை உள்ளே இழுத்திருந்தால் எந்தச் சொல்லும் தேவைப்பட்டிருக்காது. அறிவியல் என்பது அவ்வளவுதான். போய்ப் பார்ப்பது.

ஐப்பசியில் முடிவு வந்தது. குடியிருப்பு முற்றத்தில் எல்லோரையும் உட்கார வைத்து ஜெகதீஸ்வரன் வாசித்தார். தண்ணீர் திருப்தி. மின்சாரம் திருப்தி. பிறகு இது:

"வாடை குறித்து எந்த வீட்டிலிருந்தும் புகார் இல்லை. மீனவ முதியோர் வாடைக்குப் பழகியவர்கள். தங்கள் வாழ்வாதாரத்தோடு இணைந்தது என்பதால் அதை வரவேற்கவும் செய்கிறார்கள்."

சிங்காரம் நெஞ்சை நிமிர்த்தினார். "அது நான் சொன்னது. கரெக்ட்டா எழுதிக்கீதே அந்தப் பொண்ணு."

"ஆக, குழி மாத்துற வேலை தேவையில்லைன்னு ஆயிடுச்சு," என்றார் ஜெகதீஸ்வரன். "அந்த நிதி வேற ஊருக்குப் போவுது. நமக்கு வெளிச்சுவருக்குப் பெயின்ட் வருது."

"குழி தேவையில்லயா?" கஸ்தூரியம்மாள் எழுந்தார். "வாடைக்கும் குழிக்கும் இன்னா சார் சம்பந்தம்?"

"நீங்கதானேம்மா சொன்னீங்க, வாடை இல்லைன்னு."

"ஆமா, சொன்னேன். புரட்டாசியில ஏது வாடை?"

"அதென்னம்மா மாசக் கணக்கு? வாடைன்னா நாத்தம்தானே?"

சிங்காரத்தின் முகத்தில் இருந்த பெருமை மெல்ல வடிந்தது. கஸ்தூரியம்மாள் கும்மிடிப்பூண்டித் தெருவில் மீன் கூவிய அதே குரலில் பேசினார்.

"நைனா, தோ பாரு. நாத்தத்துக்கு நாத்தம்னு பேரு. வாடைன்னா காத்து. வடக்கால இருந்து வர்ற காத்து. அந்தப் பொண்ணு கேட்டது காத்துன்னு நெனச்சி நான் பதில் சொன்னேன். எங்க வூட்டுல நாத்தம் கீதுன்னு எழுது. பீ நாத்தம்னு எழுது. அசிங்கமா இருந்தா எனக்கு அசிங்கம், உனக்கு இன்னா?"

"அம்மா, அனுப்பியாச்சு. அடுத்த மதிப்பீடு ரெண்டு வருஷம் கழிச்சு. நடுவுல திருத்த எனக்கு அதிகாரம் இல்ல."

"குழியை அந்த மூலையில இருந்து இந்த மூலைக்கு நவுத்துறதுக்கு மட்டும் அதிகாரம் இருந்துச்சா?"

ஜெகதீஸ்வரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரி, வா. என் அடுப்பங்கரையில வந்து சும்மா குந்து. ஒரு சோறு வேவுற நேரம். குந்தி எழுந்துட்டு, அப்பால திருப்தின்னு எழுது. நான் வாயத் தொறக்கமாட்டேன்."

அவர் வரவில்லை. அடுத்த குடியிருப்பில் கூட்டம் இருப்பதாகச் சொல்லிவிட்டு வண்டியேறினார். குப்பம் குப்பமாகப் போய் அதே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள். ஏரிக்கரை முழுக்க நாற்றமே இல்லை என்று இந்நேரம் எங்கோ ஒரு கணினியில் பச்சை நிறம் எரிந்துகொண்டிருக்கும்.

வண்டி போன பிறகு சிங்காரம் பக்கத்தில் வந்து நின்றார். "என் வாய்தாங்க்கா கெட்டது."

"உன் வாய் கெட்டதுதான். அது இன்னிக்கா?" என்றார் கஸ்தூரியம்மாள். ஆனால் சிரிக்கவில்லை.

குறை கேட்கும் நாளுக்கும் போனார்கள். குறைகளை மதிப்பீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் முரண்பாடு இருப்பதால் ஏற்க இயலாது என்று பதில் வந்தது. அர்ச்சனாவுக்கு யாரோ தொலைபேசியில் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெண் அழுததாகக் கேள்வி. தன் மேலதிகாரிக்கு எழுதவும் செய்தாராம். பதில் இல்லை.

ஐப்பசி முடிகிறபோது காற்று திரும்பியது. கரையில் ஒரே உற்சாகம். எறா ஏறத் தொடங்கிவிட்டது. வாடை குழியைத் தொட்டுக்கொண்டு சன்னலுக்குள் வந்தது. மாலதி ஆரம்பாக்கத்திலிருந்து பையோடு வந்தாள்.

"எம்மா, கெளம்பு. பேசாத."

"கெளம்பினா அவனுங்க பூட்டை ஒடைச்சி வேற ஆளக் குடி வெப்பானுங்க."

"வெக்கட்டும். செத்துட்டா வூட்ட வெச்சிக்கினு இன்னா பண்ணுவ?"

"இத்த வாங்கத்தானேடி இருந்த குடிசையப் பிரிச்சேன்? போடி. வாரா வாரம் வந்து பாத்துட்டுப் போ."

மாலதி அழுதுகொண்டே பஸ் ஏறினாள். நான் இதை எழுதுகிற இன்றைக்கு, கஸ்தூரியம்மாள் அந்த வடக்குக் கோடி வீட்டில்தான் இருக்கிறார். சன்னலில் ஈரச் சாக்கு தொங்குகிறது. சமையலை முன்வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார். இருமல் ஆரம்பித்திருக்கிறது. வெளிச்சுவருக்கு இளநீல வண்ணம் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். கழுத்தில் சாவி இருக்கிறது.

எனவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். முதலில் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் முதியவர்களுக்கென்று கட்டிய குடியிருப்பு எதுவானாலும் போய்ப் பாருங்கள். கூடத்தில் நிற்காதீர்கள். யாராவது டீ குடிக்கக் கூப்பிட்டால் போய் உட்காருங்கள். மூச்சை இழுத்துப் பாருங்கள். பிறகு தொடக்கத்தில் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னேனே, அந்தக் கோபத்தை எடுத்து மாவட்ட ஆட்சியருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள். இன்றே எழுதுங்கள், வாடை நிற்பதற்குள் எழுதுங்கள். மரியாதையான சொல் எதையும் தேட வேண்டாம். நாற்றம் என்றே எழுதுங்கள்.